இடது வலது தெரியாதவன் நான்தான்

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தொலைபேசி அடித்தால் நான் எடுப்பதில்லை. அன்றைக்கும் எடுக்கவில்லை. ஆலைக்குள் சுருட்டும் இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் மணிச்சத்தம் கேட்காது, சட்டைப் பையில் அதிர்வதுதான் தெரியும். கோலாலம்பூரிலிருந்து மகள் பூங்கொடி. எனக்குச் சர்க்கரை வியாதி, காலையில் சீனி போட்டுத் தேநீர் குடித்தேனா என்று விசாரிப்பாள். குடித்திருந்தேன். பொய் சொல்லச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். ஏழாவது தடவை அதிர்ந்தபோது லோரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தேன்.

"அப்பா, அவரு எந்திரிக்க மாட்டேங்கிறாருப்பா."

"தூங்கட்டும் விடும்மா. வேல செஞ்ச களைப்பா இருக்கும் லா," என்றேன்.

என் வாழ்நாளில் எத்தனையோ மடத்தனமான பதில்கள் சொல்லியிருக்கிறேன். இது அவற்றுக்கெல்லாம் தலைமை. மகள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொன்னாள்: "ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்துட்டாங்கப்பா. மாரடைப்பாம். போயிட்டாராம்."

என் மருமகன் கதிரேசனுக்கு வயது முப்பத்தாறு.

அவரைத் தெரிந்தவர்களுக்கு 'கதிர் 128' என்றால்தான் விளங்கும். ஆட்டப் பாட்டுகளை ரிமிக்ஸ் செய்கிறவர், சொந்தமாகவும் இசை தயாரிக்கிறவர். நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு அடி விழுந்தால் கால் தானாக ஆடும் என்பது அவருடைய கணக்கு. அதையே பெயரோடு சேர்த்துக்கொண்டார். கல்யாணத்துக்கு அவருடைய நண்பர்கள் கட்டிய வாழ்த்துப் பதாகையில் 'கதிர் 128' என்று இருந்ததைப் பார்த்து, எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் அது மாப்பிள்ளையின் வீட்டு நம்பர் என்று நினைத்தார்கள். நான் மற்றப் பாதியில் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை.

நான் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு என்னைக் கைவிட்டது. நானும் அதைத் துரத்திப் போகவில்லை. எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும். அவர் இறந்த செய்தி பரவிய அன்றே, இணையத்தில் அவருடைய படத்துக்குக் கீழே யாரோ இப்படிப் போட்டிருந்தார்கள்: "நல்ல மனுஷன். இடது வலதுதான் தெரியாது." பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம், ஒரு அழும் முகம். அதற்குக் கீழே அதே பேச்சு இன்னும் நிறைய. மூன்று வருடமாக அவரோடு ஒட்டிக்கொண்டிருந்த கேலி அது. செத்த பிறகும் விடவில்லை. அந்தக் கேலி யாருக்குச் சேர வேண்டியதோ அவனிடம் சேர்த்துவிடத்தான் இந்தக் கட்டுரை. முதலிலிருந்து சொல்கிறேன்.

கதிர் பிறந்தது பக்கத்துப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமில். அவருடைய அப்பாவும் அம்மாவும் காய்கறித் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள். எங்கள் சம்பந்தத்துக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். தமக்கு இசைப் பைத்தியம் பிடித்த கதையை அவர் ஒரே மாதிரிதான் சொல்வார். கோயில் திருவிழாவில் தெருவின் இரண்டு முனையிலும் இரண்டு ஒலிபெருக்கிகள். ஒரு முனையில் சாமி பாட்டு, மறு முனையில் சினிமாப் பாட்டு. நடுவில் இருந்த வீடுகளில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார்களாம்.

"நான் நடுவுலதான் நிப்பேன் மாமா. ரெண்டும் சண்ட போட்டுக்கிட்டே வரும். திடீர்னு ஒரு எடத்துல சேந்துக்கும். நாலே நாலு அடிதான். அப்புறம் மறுபடியும் பிரிஞ்சிடும். அந்த நாலு அடிய நிறுத்தி வச்சுக்கணும்னு தோணுச்சு."

பழைய கணினி ஒன்றை யாரிடமோ வாங்கி எட்டுப் பாட்டுகள் செய்து வைத்திருந்தார். பெர்த்தாமில் சேற்று வெள்ளம் வந்தபோது அது வீட்டோடு போயிற்று. "எட்டுப் பாட்டும் சேத்துக்குள்ளதான் இருக்கு மாமா. அங்க கோஸு நல்லா வெளஞ்சா என்னைய நெனச்சுக்குங்க," என்று சிரிப்பார்.

அதற்குப் பிறகுதான் கோலாலம்பூர் போனார். கல்யாண விருந்துகளுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கினார். பிறகு பெட்டிக்குப் பின்னால் நின்று பாட்டுப் போட்டார். பிறகு ஊர்க்காரர்களின் பாட்டுகளைப் பிரித்து மேய்ந்து புதிதாகக் கட்டி இணையத்தில் ஏற்றினார். அதைக் கேட்டுவிட்டு சிங்கப்பூரில் கூப்பிட்டார்கள், பேங்காக்கில் கூப்பிட்டார்கள். பெரிய பாடகர்களே தங்கள் பாட்டைக் கொடுத்து, "உங்க கை பட்டுக் குடுங்க," என்று கேட்கும் நிலைக்கு வந்தார். ஆனால் இந்தத் தொழிலில் பாடியவர் பெயர் முன்னால் பெரிதாக வரும். ரிமிக்ஸ் செய்தவர் பெயர் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும். எனக்கு அது பிடிக்காது. எங்கள் கல்யாணப் பத்திரிகைகளில் அடைப்புக்குறிக்குள் வருகிறவர்கள் காலமானவர்கள். ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். "உள்ள மழை படாது மாமா," என்றார்.

பெண் கேட்டு வந்த அன்று நான் அவரை விசாரித்ததை என் வீட்டுக்காரி இன்னும் நடித்துக் காட்டுவாள்.

"தம்பி பாடுவீங்களா?"

"இல்லங்க."

"எழுதுவீங்களா?"

"இல்லங்க."

"அப்ப ஏதாச்சும் வாத்தியம் வாசிப்பீங்க."

"பட்டன தட்டுவேன்."

நான் சற்று யோசித்து, மேதாவி போல, "ஓ, வெளங்குது. கொழுந்து ஒண்ணுதான். நாங்க வாட்டிச் சுருட்டி வறுத்து வேற ருசியா ஆக்குறோம்ல, அந்த மாதிரி," என்றேன். இந்த உவமை எனக்கே மிகவும் பிடித்துப்போய், அடுத்த பல மாதங்களுக்குக் கண்டவரிடமெல்லாம் சொன்னேன். ஒரு நாள் அவரிடமே, "நான் சொன்னது சரிதானே மாப்ள?" என்று கேட்டேன். "அப்படியும் சொல்லலாம் மாமா," என்றார். அந்த 'அப்படியும்' என்ற சொல்லில் எவ்வளவு மரியாதை இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கல்யாணமான புதிதில் ஒரு திறந்தவெளி விழாவுக்கு என்னை அழைத்துப் போனார். நல்ல வெயில். பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் குதிக்கிறார்கள். காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிறப் பஞ்சு இரண்டு கொடுத்தார். ஏதோ மிட்டாய் என்று வாயருகே கொண்டுபோய்விட்டேன். மேடை ஏறியதும் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்தபடியே இருந்தார். இறங்கி வந்ததும், "ஏன் மாப்ள, கூச்சமா?" என்றேன்.

"காலப் பாப்பேன் மாமா. மூஞ்சி பொய் சொல்லும். பாட்டுல எங்கயாச்சும் தொய்வு இருந்தா மொதல்ல கால் நிக்கும்."

ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது அவருக்கு இடது காதில் ஒரே இரைச்சலாக இருந்ததாம். சளி என்று விட்டுவிட்டார். சில நாளில் இரைச்சலும் போயிற்று, கேட்கும் திறனும் போயிற்று. வலது காது மட்டும் மிஞ்சியது. உடனே வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னாராம்.

அப்போது எனக்கு இது தெரியாது. பொங்கலுக்கு வந்திருந்தார். சாப்பாட்டில் நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா மாப்ள?" என்று மூன்று தடவை கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சமையலறைக்குப் போய், "ஒம் மருமகனுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு," என்றேன். மறுநாள் லோரியில் ஏறி உட்கார்ந்தவர் குழந்தை மாதிரி பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் முறைக்கிறார், லோரியில் கொஞ்சுகிறாரே என்று குழம்பிப்போனேன். ஓட்டுகிறவன் வலப்பக்கம், பக்கத்தில் இருப்பவருக்கு வலது காது அவன் பக்கம். காரணம் அவ்வளவுதான். அணை ஏரிக்கு மேலே உள்ள வளைவில் லோரியை நிறுத்தச் சொல்லி, அவரே சொன்னார்.

"பூங்கொடிக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். வெளிய சொல்லிடாதீங்க மாமா. ஒத்தக் காதுக்காரன்கிட்ட எவன் பாட்டு குடுப்பான்?"

நான் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவருக்கு இரண்டாவது காதாக இருக்கும் வேலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு பக்க ஒலியையும் தலையணி ஒலிபெருக்கியை மாற்றி மாற்றி மாட்டி வலது காதாலேயே அவர் கேட்டுவிடுவார். ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும்போது எந்தச் சத்தம் எங்கே நிற்கிறது, எங்கிருந்து எங்கே போகிறது என்பது மட்டும் ஒற்றைக் காதுக்குத் தெரியாதாம். அதற்கு இரண்டு காதுள்ள ஒருவர் வேண்டும். மாதம் ஒரு தடவை மடிக்கணினியோடு மேலே வருவார். கடைசிப் பாரம் இறக்கிய பிறகு அதே வளைவில் லோரியை நிறுத்துவேன். மடிக்கணினியை லோரி ரேடியோவில் இணைத்துப் பாட்டைப் போடுவார். "கை காட்டுங்க மாமா," என்பார். சத்தம் போகிற பக்கமெல்லாம் நான் போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி கை காட்டுவேன். ஒரு தடவை என் கையைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த சுற்றுலா வேன்காரர் நான் வழிவிடுகிறேன் என்று முந்திப் போய், நன்றிக்கு ஹாரன் அடித்தார்.

"இதுக்கு பூங்கொடி போதாதா மாப்ள?" என்று கேட்டேன்.

"அவ எதக் கேட்டாலும் நல்லாருக்குன்னுதான் மாமா சொல்லுவா. நீங்க கொட்டாவி விடுவீங்க. நீங்க எங்க கொட்டாவி விடுறீங்களோ அங்க வெட்டிடுவேன்."

ஒரு நாள் நிஜமாகவே ஒரு பிழையைப் பிடித்தேன். தலையணியை மாற்றி மாட்டிய குழப்பத்தில் ஒரு பாட்டின் இரண்டு பக்கத்தையும் அவர் திருப்பிப் போட்டிருந்தார். என் கை காட்டிக்கொடுத்தது. அன்று முதல் என்மேல் அவருக்குப் பெரிய நம்பிக்கை. "மிஷினப் பாத்து நான் ஏமாந்துடுவேன், மாமா கை ஏமாறாது," என்று பூங்கொடியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் யாரும் கொடுத்ததில்லை. தலை கால் புரியவில்லை. அதில்தான் வினை.

இவ்வளவு பெரிய வேலை நடக்கிற இடத்தில் இவ்வளவு ஓட்டை ஒலிபெருக்கி இருக்கலாமா என்று தோன்றியது. அந்தத் தீபாவளிக்கு அவர் வருவதற்கு முன், மலையடிவாரத்தில் தாப்பா டவுனுக்குப் போய்ப் புது ஒலிபெருக்கி ஒரு ஜோடி வாங்கினேன். கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்றார். "நான் முப்பது வருஷமா லோரி ஓட்டுறேன், எனக்குத் தெரியும் லா," என்று சொல்லிவிட்டு வந்தேன். எந்த ஒயர் எந்தப் பக்கத்துக்கு என்று கடைக்காரர் நிறத்தைச் சொல்லி அனுப்பினார். ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல். வந்து பிரித்துப் பார்த்தால் ரேடியோவுக்குப் பின்னால் எல்லா ஒயரும் ஒரே நிறம். தேயிலைத் தூள் நிறம். கொழுந்து லோரியில் எதுவும் தன் நிறத்தில் இருக்காது. துடைத்துப் பார்த்திருக்கலாம். துடைக்காமல், எனக்கு எது வெள்ளையாகப் பட்டதோ அதை இணைத்தேன். மேலே ஒரு முழுச் சுருள் கறுப்பு டேப்பைச் சுற்றினேன். அந்த டேப் கட்டை ஆலையில் பத்துப் பேருக்காவது திறந்து காட்டிப் பெருமையடித்திருப்பேன்.

கதிருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எனக்காகவா மாமா?" என்று கதவைத் தடவிப் பார்த்தார்.

அப்போது அவர் கையில் இருந்தது பெரிய வேலை. தலைநகரில் ஒரு பேரங்காடியின் திறப்பு விழா. நீளமான திரையில் ஒரு ரயில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அவருடைய இசையும் ரயிலோடு கூடவே ஓட வேண்டும். அது பிடித்துப்போனால் இன்னும் பல ஊர்த் திறப்புகளுக்கும் அவர்தான். அதே வளைவில் பாட்டைப் போட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டினேன்.

"மாமா, நல்லாக் கேளுங்க. வலப்பக்கம் இருந்து இடப்பக்கமா போகுது?"

"ஆமா மாப்ள. சத்தியமா."

மடிக்கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அவர் தம் கண்ணைவிட என் கையை நம்பினார். "அப்ப நான்தான் மறுபடியும் திருப்பிப் போட்டுட்டேன்," என்று பக்கங்களை மாற்றி, அங்கிருந்தபடியே அனுப்பிவைத்தார். "நல்ல வேள நீங்க இருந்தீங்க மாமா."

திறப்பு விழாவுக்கு நானும் என் வீட்டுக்காரியும் போயிருந்தோம். திரையில் ரயில் இடமிருந்து வந்தது. சத்தம் வலமிருந்து வந்தது. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று கடந்து போயின. கூட்டம் சிரித்தது. தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தது. நல்ல வேடிக்கை போலிருக்கிறது என்று நானும் சிரித்தேன். ஆமாம், வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் பூங்கொடி என் கையைப் பிடித்து அழுத்திய பிறகுதான் மேடை ஓரத்தில் நின்ற அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

அந்தப் படம் ஊரெல்லாம் போயிற்று. 'இடது வலது தெரியாதவன் எல்லாம் ரிமிக்ஸ் பண்ண வந்துட்டான்' என்று இன்னொரு ரிமிக்ஸ்காரர் எழுதினார். அது அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அடுத்த திறப்புகளுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். வந்துகொண்டிருந்த பாடகர்களும் வரவில்லை. எப்படி நடந்தது என்று விளக்க அவருக்கு வழியில்லை. விளக்கினால் காது போனதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார். வேறு ஆள்கள் தங்கள் பெயரில் போட்டுக்கொள்ள, அடைப்புக்குறிகூட இல்லாமல் வேலை செய்து கொடுத்தார்.

"ஒத்தக் காதோட வேல செஞ்சா இப்படித்தான் ஆகும்மா," என்று நான் பூங்கொடியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைப்பு. மறுமாதம் அவர் மேலே வந்தபோது அவரிடமும் சொன்னேன். லோரியில் ஏதோ ஒரு பாட்டைப் போட்டு என்னைக் கை காட்டச் சொன்னார். காட்டினேன். பிறகு என் டார்ச் விளக்கை வாங்கி, ரேடியோவுக்குக் கீழே தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள தேடுறீங்க?"

"பேனா விழுந்துடுச்சு மாமா." தலையை வெளியே எடுத்து, டேப்பைத் தொட்டுக் காட்டி, "நல்லா சுத்தியிருக்கீங்க," என்றார்.

"ஒரு முழுச் சுருள்," என்றேன்.

"தெரியுது," என்றார்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம், மாதம் தவறாமல் வந்தார். நான் கை காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டு, "சரியா இருக்கு மாமா," என்பார். கொஞ்சம் கொஞ்சமாக வேலைகள் திரும்பத் தொடங்கியிருந்தன. கடைசியாக வந்தபோது ஒரு பாட்டின் நடுவில் கொட்டாவி விட்டேன். அந்த இடத்தை வெட்டினார். சிரித்துக்கொண்டே வெட்டினார்.

எங்கள் தோட்டத்துக்கே அவரைக் கொண்டுவந்தோம். அவருடைய அண்ணன்தான் காரியங்கள் செய்தார். ஐந்தாம் நாள், அவருடைய பாட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று பூங்கொடி அழைத்து, ரூபன் என்ற தம்பி வந்தார். அவரும் ரிமிக்ஸ்காரர்தான். எங்கள் வீட்டு மேசையில் கதிரின் மடிக்கணினியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிள், 'மாமா லோரி'ன்னா என்ன?"

"நான் மாமா. வெளிய நிக்கிறது லோரி."

"ஒவ்வொரு பாட்டுலயும் ரெண்டு பிரதி வச்சிருக்கான். ஒண்ணுக்குப் பேரு 'மாமா லோரி'. ரெண்டும் ஒரே பாட்டு. இடது வலது மட்டும் மாறியிருக்கு. முப்பத்தொரு பாட்டுக்கும் இப்படிச் செஞ்சிருக்கான். எதுக்கு அங்கிள்?"

எனக்கு விளங்கவில்லை. லோரியில்தான் கேட்பார் என்று சொல்லி அவரை அழைத்துப்போனேன். ரூபன் ஏறி உட்கார்ந்து, சாதாரணப் பிரதியைப் போட்டார். ஒரு நிமிடம்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

"இந்த ஸ்பீக்கர யாரு மாட்டுனது?"

"நான்தான்," என்றேன். அப்போதும் பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஒயரு மாறியிருக்கு அங்கிள். இடது வலது."

அவரே திரும்பவும், "தெரிஞ்சவன் ஏன் சும்மா இருந்தான்? ஒயர மாத்துறது அஞ்சு நிமிஷ வேல," என்றார்.

அஞ்சு நிமிட வேலைதான் தம்பி. ஆனால் அதற்கு என் டேப்பை அறுக்க வேண்டும். அறுத்தால் நான் கேட்பேன். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால், மாப்பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்தவன் நான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அது எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக மூன்று வருடம், பாட்டுக்கு ஒரு பிரதி வீதம், என் தவறுக்கு ஏற்றபடி தம் வேலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என் கை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஊர் அவரைக் கேலி செய்தது. நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

காது போனது, ஒயர், வளைவு, எல்லாவற்றையும் ரூபனிடம் சொன்னேன். லோரிக்குள்ளேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "அந்த வார்த்தைய மொதல்ல எழுதுனவன் நான்தான் அங்கிள். சும்மா வெளையாட்டுக்குத்தான் எழுதுனேன்."

"நான் சிரிக்கவே செஞ்சேன் தம்பி," என்றேன். ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள எங்களுக்குத் தகுதி இல்லை.

பதினாறாம் நாள் சாப்பாடு தோட்டத்து மண்டபத்தில். பகல் பந்தி முடிந்ததும் ரூபனும் அவருடைய நண்பர்களும் சன்னல்களை எல்லாம் காய்கறி லோரித் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கினார்கள். சுவரில் வெள்ளைத் துணி. இரண்டு பக்கமும் பெரிய ஒலிபெருக்கிகள். எது எந்தப் பக்கம் என்று ரூபன் மூன்று தடவை சரிபார்த்தார். நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. கதிருக்கு இடது காது கேட்காது என்பதை முதலில் சொன்னேன். பூங்கொடியிடம் அனுமதி கேட்டிருந்தேன். "சொல்லுங்கப்பா. இனிமே அவருகிட்டருந்து யாரு வேலையப் புடுங்கப் போறா," என்று சொல்லியிருந்தாள். பிறகு சொன்னேன்: "அந்த ரயில் பாட்டு சரியாத்தான் இருந்துச்சு. அதக் கெடுத்தது நான். இடது வலது தெரியாதவன் நான்தான். இனிமே யாராச்சும் சொல்லிக் கேலி பண்ணணும்னா என் பேரச் சொல்லுங்க." உட்கார்ந்துவிட்டேன்.

கதிர் என் பேச்சைக் கேட்டுத் திருப்பிப் போடுவதற்கு முன்னால் செய்து வைத்திருந்த முதல் பிரதியை ரூபன் தேடி எடுத்திருந்தார். அதைப் படத்தோடு சேர்த்துப் போட்டார். துணியில் இடப்பக்கம் ரயில் தலை நீட்டியது. இடப்பக்கமே இசை தொடங்கியது. ரயில் நகர நகர அடிகள் அதன் சக்கரத்தோடு உருண்டு, நடுவில் பெருத்து, எங்கள் நெஞ்சை அதிரவைத்து, வலப்பக்கம் போய், சுவரைத் தாண்டி எங்கோ கரைந்தது. யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் லயத்து மீனாட்சி அக்கா என் காதோரம் குனிந்தார். கத்தரியால் கொழுந்து வெட்டி வெட்டி முதுகு வளைந்த மனுஷி. என் பேச்சில் 'கெடுத்தது நான்' என்பது மட்டும்தான் அவருக்கு விளங்கியிருக்கும்.

"ஏம்பா, இதுல எங்கப்பா தப்பு? எல்லாம் சரியாத்தானே போவுது?"

"ஆமாக்கா," என்றேன். "சரியாத்தான் போவுது."

போய் வாருங்கள் மாப்பிள்ளை.